30 அடி மனையில் 10 அடி வீடா?

மனை 30 அடி அகலம். பக்கத்துக்கு 10 அடி செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே காலியிடம், விடச் சொல்கிறது ஊரின் கட்டட விதி. மிச்சம் 10 அடி. சுவர் கனம் போனால் உள்ளே 9 அடி தேறுவதே பெரும்பாடு. இதில் எந்த அறையைப் போடுவது? மனை பிரித்த நாளில் இந்த விதியே கிடையாது.

பழைய மனைக்குச் சலுகை உண்டே என்பார்கள். பல ஊர்களில் உண்டுதான். ஆனால் அது பெரும்பாலும் அகலக் குறைவையும் பரப்பளவுக் குறைவையும் மட்டுமே மன்னிக்கும். செட்பேக், உயரம் எல்லாம் அப்படியே நிற்கும். இதைப் பார்க்காமல் போட்ட பிளான் திரும்பி வந்துவிடும்.

அதைவிட வயிற்றெரிச்சல் இணைப்பு விதி. பக்கத்து மனையும் அதே உரிமையாளர் பெயரில் இருந்தால், சில இடங்களில் இரண்டையும் ஒரே மனையாக எடுத்துக்கொள்வார்கள். தனித்தனிப் பத்திரம் இருந்தாலும் ஒன்றை மட்டும் விற்கவோ ஒன்றில் மட்டும் கட்டவோ முடியாது. வாங்கும் முன் யார் இதைச் சொல்கிறார்கள்?

கடைசி வழி விதிவிலக்கு மனு. ‘இடம் போதவில்லை’ என்று எழுதினால் தள்ளுபடிதான். மனையின் அகலமோ வடிவமோ சரிவோ தடையாக இருக்கிறது, அது நாம் உண்டாக்கியதல்ல என்று காட்ட வேண்டும். கூடவே எல்லைக்கல்லிலிருந்து அளந்த புது சர்வே. வேலியை வைத்து அளந்தால் அரை அடி பிசகலாம்; இவ்வளவு குறுகிய மனையில் அந்த அரை அடிக்கே அனுமதி போய்விடும்.