மெம்ஃபிஸ் வீழ்ந்தும் வணிகம் நிற்கவில்லை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் '1862 ஜூன் 6ல் வடக்கின் படை மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான மெம்ஃபிஸைப் பிடித்ததும் ஆற்று வணிகம் தெற்குக்கு அடைபட்டுவிட்டது' என்று சொல்வது தவறு. துறைமுகம்தான் வடக்கின் ராணுவத்திடம் இருந்தது. வணிக அனுமதிச் சீட்டு கொடுத்தது கருவூலத் துறை. சிக்கலே அங்கேதான்.

வடக்கின் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும். போருக்கு முன் ராத்தல் சுமார் 10 சென்ட் விற்றது, 1864ல் நியூயார்க்கில் ஒரு டாலரைத் தாண்டியது. அதாவது 400 ராத்தல் பொதி (பேல்) ஒன்று 40 டாலரிலிருந்து 400க்கும் மேல். இந்த லாபத்துக்கு முன் எந்தக் காவல் சாவடி நிற்கும்?

பருத்திக்குத் தங்கம் கொடுத்தால் அது துப்பாக்கியாகத் திரும்பி வரும் என்று மெம்ஃபிஸில் இருந்த வடக்கின் ஜெனரல் ஷெர்மன் 1862 கோடையில் தங்கத்துக்குத் தடை போட்டார். வாஷிங்டன் அரசு அதை ரத்து செய்தது. ஷெர்மன் உப்பையும் தெற்குக்குப் போக விடவில்லை. காரணம் எளிது: உப்பில்லாமல் பன்றி இறைச்சியைப் பதப்படுத்த முடியாது, அது இல்லாமல் தெற்கின் படைக்கு ரேஷன் இல்லை.

கடைசியில் 1864 மே மாதம் வடக்கின் ஜெனரல் வாஷ்பர்ன் நகர எல்லையையே மூடினார். பிடிபட்ட பிறகும் மெம்ஃபிஸ் எதிரிக்குப் பெரிதும் பயன்பட்டது என்பது அவருடைய கணிப்பு.