லிஃப்ட் வாசலில் நின்ற அக்கா

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. எதிர்வீட்டு அக்கா வீட்டில் உடுத்தும் சேலையோடு லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். காதில் ஃபோன், கையில் வங்கி அட்டை. பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) "மார்க்கெட்டா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்லாமல் கையை மட்டும் ஆட்டினாராம். இருபது வருடமாகப் பேசிப் பழகியவர் இப்படிச் செய்யமாட்டாரே என்று மக்சிக் வந்து என் கதவைத் தட்டினார்.

நான் போனபோது அக்காவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதலில் வங்கி அதிகாரி என்று ஒருவன், பிறகு போலீஸ் என்று இன்னொருவன். உங்கள் பெயரில் கள்ளப்பணம் கைமாறியிருக்கிறது, சேமிப்பை நாங்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றுங்கள், வீட்டில் யாரிடமாவது மூச்சு விட்டால் கைது. மூன்று மணி நேரம் ஃபோனை வைக்கவே விடவில்லை. ஃபோனை வாங்கித் துண்டித்துவிட்டு, மோசடி உதவி எண்ணான 1799-ஐ அழைத்தோம். நல்லவேளை, பணம் போகவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு அக்கா சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, என் மகன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. திட்டுவான்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சிங்கப்பூர் பாதுகாப்பான ஊர்தான். ஜப்பானின் கோபான் என்ற சிறு காவல் சாவடி முறையைப் பார்த்து 1983-ல் தோ பாயோ வட்டாரத்தில் அக்கம்பக்கக் காவல் நிலையங்களைத் தொடங்கினார்கள். 2012 முதல் அடுக்குமாடி புளோக்குகளிலும் கார் நிறுத்துமிடங்களிலும் காவல்துறைக் கேமராக்கள் வந்தன. ராத்திரி பதினொரு மணிக்கு என் மகள் தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) தனியாக வீடு திரும்புகிறாள், நான் பயப்படுவதில்லை. அது சாதாரண விஷயமல்ல.

ஆனால் இந்தத் திருடன் லிஃப்டில் ஏறி வருவதில்லையே. 2024-ல் மட்டும் 51,501 மோசடிச் சம்பவங்கள், 110 கோடி வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் நஷ்டம். பெரும்பாலானவற்றில் பணத்தை அனுப்பியது ஏமாந்தவரின் கையேதான். 2025 ஜூலை முதல், ஒருவர் தான் ஏமாற்றப்படுவதை நம்ப மறுத்தாலும், அவர் கணக்கிலிருந்து பணம் போகாமல் நிறுத்த காவல்துறை வங்கிக்கு உத்தரவிடலாம். என் பணம், என் உரிமை என்று சிலர் கேட்கலாம். மக்சிக் கதவைத் தட்டிய அந்தக் காலையைப் பார்த்த எனக்கு இந்தச் சட்டம் சரி என்றே படுகிறது. ஆனால் நடப்பது காவல்துறைக்குத் தெரிய வேண்டுமே, யார் போய்ச் சொல்வது?

"யாரிடமும் சொல்லாதே" என்பதில்தான் மோசடிக்காரனின் பிழைப்பே இருக்கிறது. நம் வீடுகளில் பாதி வேலையை நாமே அவனுக்குச் செய்து கொடுக்கிறோம். உனக்கெதுக்கு இந்த ஃபோன், ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று பெற்றவர்களைக் கடிந்துகொள்கிறோம். பிறகு அவர்கள் ஆபத்தில் நம்மிடம் எப்படி வருவார்கள்? தயவுசெய்து இன்றே அம்மா அப்பாவிடம் சொல்லுங்கள்: பணமே போனாலும் திட்டமாட்டேன், முதலில் என்னைக் கூப்பிடு.

விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் நம் தம்பிகளிடமும் பேசுங்கள். சில நூறு வெள்ளிக்கு வங்கிக் கணக்கையோ, சிங்பாஸ் என்ற மின்னடையாளக் கணக்கையோ அடுத்தவனிடம் கொடுத்தால், சிறைக்குப் போவது அவர்கள்தான்.

எங்கள் தளத்தில் பன்னிரண்டு வீடுகள். எட்டு வீட்டுப் பெரியவர்களிடம் 1799-ஐ எழுதிக் கொடுத்துவிட்டேன். மீதி நான்கு வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மக்சிக்கும் கூட வருகிறார்.