காசை வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே

சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். என் தம்பி உங்கள் ஒட்டுக்கடைக்கு வந்து ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தால், அவனிடம் காசு வாங்கிக்கொள்ளுங்கள். "பரவாயில்ல தம்பி, நீ போ" என்று அனுப்பிவிடாதீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள் நாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள பையனிடம் போய்க் காசு கேட்பதா என்று உங்களுக்குக் கை கூசுகிறது. ஆனால் அந்தக் காசை எடுத்து நீட்டுவதற்கு அவன் மாதக்கணக்கில் பழகியிருக்கிறான். நீங்கள் வாங்கவில்லை என்றால் அந்தப் பழக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது.

அவன் போவது பிடிகே மையத்துக்கு. சமூகநல இலாகாவின் கீழ் நடக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான சமூக மறுவாழ்வு மையம். 1984-இல் திரெங்கானுவில் பத்து ராக்கிட் என்ற ஊரில் முதலில் தொடங்கியது. இன்று மலேசியா முழுக்க இருக்கிறது. அது சின்னப் பிள்ளைகளுக்கான இடம் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரியவர்களும் போகலாம். சொல்லப்போனால் பெரியவர்களுக்குத்தான் அது ரொம்பவும் தேவை. பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு 19 வயதுவாக்கில் முடிந்துவிடும். அப்புறம் என்ன? நம் வீடுகளில் அப்புறம் டிவிதான். அம்மா குளிப்பாட்டி, சோறு போட்டு, தலை சீவிவிடுவார். மகனுக்கு நாற்பது ஆகும்போது அம்மாவுக்கு எழுபது ஆகியிருக்கும். "எனக்கு அப்புறம் இவன யாரு பார்ப்பா?" என்று கோயிலில் அழாத தாய் உண்டா? கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குப் பதிலை அவர் உடம்பில் தெம்பு இருக்கும்போதே தேட வேண்டும்.

அங்கே அன்றாட வேலைகளை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். ரைஸ் குக்கரில் சோறு ஆக்குவதைச் சின்னச் சின்ன வேலையாகப் பிரித்துக்கொள்வார்கள்: அரிசி அளப்பது, கழுவுவது, தண்ணீர் ஊற்றுவது, பாத்திரத்தின் அடியை ஈரம் போகத் துடைப்பது, உள்ளே வைப்பது, மூடுவது, சுவிட்சைத் தட்டுவது. தொடக்கம் கடைசியிலிருந்து! மற்றதெல்லாம் ஆசிரியை செய்ய, அவன் சுவிட்சை மட்டும் தட்டுவான். அது கைவந்த பிறகு மூடுவதும் தட்டுவதும். அப்படியே பின்னோக்கிப் போவார்கள். இதனால் ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருக்கிறான். வீட்டில் முதல்முறை சுவிட்சைத் தட்டிய அன்று, "இது தம்பி ஆக்குன சோறு" என்று சொல்லித்தான் அம்மா எல்லாருக்கும் பரிமாறினார். அவன் இரண்டு தட்டு சாப்பிட்டான்.

காசும் அப்படித்தான். கூட்டல் கழித்தல் வராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மூன்று வெள்ளி (ரிங்கிட்) சொச்சம் என்று காதில் விழுந்தால், நீல நிற ஒரு வெள்ளித் தாளில் நாலு எண்ணிக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்க வேண்டும். அது 3 வெள்ளி 40 சென்னா, 80 சென்னா என்று அவன் தலையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இதை நாலு சுவருக்குள் மட்டும் பழகினால் போதாது. மையத்துக் கழிவறையில் தாழ்ப்பாள் போடப் பழகியவர், பசார் கழிவறையில் வேறு மாதிரித் தாழ்ப்பாளைக் கண்டதும் திகைத்து நின்றுவிடலாம். ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்தில் செய்வதுதான் இவர்களில் பலருக்குச் சிரமம். அதனால் பசாரிலும் பஸ்ஸிலும் கிளினிக் வரிசையிலும் பழக வேண்டும். முப்பது வயது ஆளை உட்கார வைத்து வாத்துப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்லும் மையங்களும் இருக்கின்றன; பெற்றோர் அங்கே வாய் திறந்து கேட்க வேண்டும். மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்ட, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது: மாற்றுத்திறனாளிகள் மற்றவர்களைப் போலவே சமூகத்துக்குள் வாழ வேண்டும், எங்கே யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டில் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது. மாதவிடாய் நேரத்தில் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, யார் தொடலாம் யார் தொடக்கூடாது, பிடிக்காவிட்டால் கத்துவது, நடந்ததை நம்பகமானவரிடம் சொல்வது இதெல்லாம் சொல்லிக்கொடுக்கக்கூடியவை. சொல்லிக்கொடுக்காத பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இப்போது தோட்டத்து விஷயத்துக்கு வருகிறேன். பட்டணத்துக்குள் இருப்பவர்கள் எப்படியாவது மையத்துக்கு வந்துவிடுகிறார்கள். செம்பனைத் தோட்டங்களுக்குள் இன்னும் இருக்கும் குடும்பங்கள்? அப்பா விடியற்காலையே வேலைக்குப் போய்விடுவார், அம்மா ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவார். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட ஆள் இல்லாததாலேயே எத்தனையோ பேர் வீட்டோடு கிடக்கிறார்கள். முன்பு தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, யார் பிள்ளையாக இருந்தாலும் பார்க்க ஓர் ஆள் இருந்தார். இன்று அதுவும் இல்லை.

திருவிழாவுக்கு ஓடும் வேன்கள் நம் கோயில்களில் இருக்கின்றன. அவை வார நாளில் காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை மையத்துக்கு ஓடலாமே. டீசல் செலவைப் பெற்றோர் பகிர்ந்துகொள்ளலாம். அப்புறம் இன்னொன்று: ஒவ்வொரு பிடிகே மையத்துக்கும் உள்ளூர் மக்கள் அடங்கிய செயற்குழு உண்டு. அதில் நம் பெற்றோர் உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் வாத்துப் படத்துக்குப் பதிலாகப் பசாருக்குக் கூட்டிப்போங்கள் என்று கேட்க முடியும்.

கோயில் நிர்வாகத்திடம் வேன் விஷயத்தைப் பேச நான் போகிறேன். இப்படி வளர்ந்துவிட்ட பிள்ளையைத் தோட்டத்து வீட்டில் வைத்திருப்பவர்கள் எந்தத் தோட்டம், எத்தனை மணிக்கு வண்டி வந்தால் வசதி என்று இன்பாக்ஸில் எழுதுங்கள். வெறும் கையோடு போய்க் கேட்டால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். பெயர்ப் பட்டியலோடு போக வேண்டும்.