காசு கொடுத்த பிறகு அந்தச் சட்டை யாருடையது?

புதிய உடுப்புகளின் விலைச் சீட்டிலோ உள்ளே தைத்த சீட்டிலோ, ஒளியில் பிடித்துப் பார்த்தால் மெல்லிய உலோகச் சுருள் ஒன்று தெரிவதுண்டு. ஆர்.எஃப்.ஐ.டி., அதாவது ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் சிப் என்பார்கள். பார்கோட் ஒரே வகைச் சட்டைகள் ஆயிரத்துக்கும் ஒன்றுதான். இதிலோ ஒவ்வொரு சட்டைக்கும் தனி இலக்கம். பற்றரி கிடையாது, வாசிக்கும் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துப் பதில் சொல்லும். துணிப் பைக்குள் இருந்தாலும் சில மீற்றர் தொலைவிலிருந்து வாசித்துவிடலாம்.

செய்மதி மூலம் ஆளைத் தேடிப் பிடிக்கும் என்ற பேச்சு பிழை. பயம் இருக்க வேண்டியது காசாளர் மேசையில். புள்ளி சேர்ப்பதற்கென்று தொலைபேசி இலக்கம் கேட்கிறார்கள், நாமும் சொல்லிவிடுகிறோம். சட்டையின் இலக்கமும் நம் பெயரும் ஒரே பதிவில் சேர அது போதும். பிறகு அதே சட்டையோடு எந்தக் கிளைக்குள் நுழைந்தாலும், வாசலில் கருவி இருந்தால், வாய் திறக்கும் முன்பே நாம் யாரென்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜேர்மனியில் மெற்றோ நிறுவனம் தன் வாடிக்கையாளர் அட்டைகளுக்குள்ளேயே இந்த சிப்பைச் சொல்லாமல் வைத்திருந்தது 2004இல் வெளியே வந்தது. மக்கள் எதிர்த்ததால் அதைக் கைவிட்டது.

வன்னியில் இருப்பவர்களுக்கு இதன் கனம் புரியும். வவுனியாவில் தங்குவதற்குப் பாஸ் எடுத்துத் திரிந்த காலம் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடி 2015 வரை இருந்தது. எங்கே போகிறாய், பைக்குள் என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்த சனம் நாம். கடையையும் சாவடியையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. ஆனால் சாவடியில் நம்மைச் சோதிக்கிறார்கள் என்பதாவது தெரிந்தது. இங்கே அதுவும் தெரியாது. கடைக்காரர் திரட்டிய பதிவை நாளை வேறொருவர் கேட்டு வாங்கமாட்டார் என்று யார் உறுதி தருவது?

களஞ்சியத்தில் சரக்கு எண்ணுவதற்கு இது நல்ல கருவி, மறுக்கவில்லை. பணம் செலுத்தியதும் அதன் வேலை முடிந்துவிட வேண்டும். கடைகளில் பயன்படும் சிப்பின் சர்வதேசத் தரத்திலேயே, அதை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் கட்டளை இருக்கிறது. ஆகவே முடியாது என்று எந்தக் கடையும் சொல்ல இடமில்லை. வாங்கிய உடுப்பைக் கடையில் மாற்றுவதற்கும் சிப் வேண்டியதில்லை, பற்றுச்சீட்டு போதும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதன் கீழ் வரும் விதிகளில் இதையும் எழுதச் சொல்லிக் கேட்போம்.

அதுவரை, பொங்கலுக்கு உடுப்பு எடுக்கப் போகிறவர்கள் தொலைபேசி இலக்கம் சொல்லாமல் பணம் செலுத்துங்கள். விலைச் சீட்டைக் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். உள்ளே தைத்திருந்தால், உடுத்துவதற்கு முன் வீட்டில் தையலைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.