காற்றுக் கூலரால் கணினி பிராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்க முடியாது

கணினிக்குள் பிராசசரைக் குளிர்விக்கும் பெரிய கூலரை மாட்டிவிட்டால் சித்திரை வெயிலிலும் பிராசசர் 30 டிகிரியிலேயே நிற்கும் என்று நண்பர் சொல்லியிருப்பது சரியன்று. கூலரின் ஹீட் பைப்புகள் (வெப்பம் கடத்தும் குழாய்கள்) பிராசசரின் வெப்பத்தை அலுமினியத் தகடுகளுக்குக் கடத்த, மின்விசிறி அறைக் காற்றை அவற்றின் ஊடே செலுத்தி அவ்வெப்பத்தை வெளியேற்றுகிறது. ஆகவே பாளையங்கோட்டையில் மாடியறை 38 டிகிரியில் கொதிக்கும்போது, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காற்றுக் கூலரும் பிராசசரை அதற்குக் கீழே கொண்டுவராது. அறைக்கும் பிராசசருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைக் குறைப்பது மட்டுமே அதன் வேலை.

65 வாட் பிராசசருக்கு 65 வாட் கூலர் போதும் என்பதும் முழு உண்மையன்று. ரைசன் 5 7600 என்ற பிராசசரின் டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பமாக நிறுவனம் குறிப்பிடும் அளவு) 65 வாட்தான் என்றாலும், முழு வேலையில் அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. நம் ஊர் வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கணக்கிட வேண்டும்.

உயரத்தையும் தயவுசெய்து அளந்து பாருங்கள்: நாக்டுவா என்எச்-டி15 என்ற பெரிய காற்றுக் கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர், கணினியின் கேபினெட்டில் அவ்வளவு இடமில்லையென்றால் பக்கவாட்டுக் கதவை மூட முடியாது. ஆடிக் காற்றில் தகடுகளுக்கிடையே புழுதி அடைந்துவிடும் என்பதால், அந்த மாதங்களில் அடிக்கடி துடைப்பதும் அவசியம்.