ஆத்திர அவசரத்துக்கு என்று எடுத்துவைத்த பணம்

2017 ஜூலை 7, வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு என் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். காரமடையிலிருந்து கோவைக்குக் கொண்டுபோய், ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்லி முடிக்கையில் மணி ஒன்றரை ஆகியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பணமாக 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அப்போது எங்கள் வீட்டுச் சொத்து இது: வங்கி லாக்கரில் 38 பவுன் நகை, அப்பா பெயரில் ஆறு லட்சத்துக்கு வைப்புநிதி, அஞ்சலகத்தில் தேசிய சேமிப்புப் பத்திரம், என் பெயரில் இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசிகள். எல்லாவற்றையும் கூட்டினால் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது. என் சேமிப்புக் கணக்கில் இருந்ததோ பதினோராயிரத்துச் சொச்சம்.

விடிந்தால் இரண்டாம் சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. அதற்கடுத்து ஞாயிறு. லாக்கரும் வைப்புநிதியும் திங்கட்கிழமை பத்து மணிக்கு முன்னால் எங்களுக்கு எந்த விதத்திலும் பயன்படாது. அப்பாவுக்கு ஏடிஎம் அட்டை கிடையாது. பாஸ்புக்கும் கையெழுத்தும்தான் அவருடைய வங்கிச் சேவை, அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். எனக்குச் சம்பளம் பத்தாம் தேதி. ஜிஎஸ்டி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததால் அலுவலகத்தில் இன்வாய்ஸ் மாற்றும் வேலையில் தூக்கம் கெட்டிருந்த எனக்கு, முதலாளியை அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்கும் தைரியமும் வரவில்லை. கடைசியில் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிதான், போனில் நான் சொல்லி முடிப்பதற்குள் 'வாரேன் தம்பி' என்று வைத்துவிட்டு, அன்றைய வசூலை அப்படியே மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார். பத்தும் இருபதும் ஐம்பதுமாக இருந்த அந்த நோட்டுகளைக் கவுண்டரில் இருந்த பையன் எண்ணி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது.

நாற்பது ஆண்டுகளாக 'ஆத்திர அவசரத்துக்கு ஆகும்' என்று சொல்லிச் சொல்லிப் பணம் சேர்த்த ஒரு வீட்டில், ஆத்திரமும் அவசரமும் உண்மையாகவே வந்த இரவில் கைமாற்றுதான் வாங்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொற்றொடரை யார் சொன்னாலும் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. நம் நடுத்தரக் குடும்பங்களில் 'அவசரத்துக்கு' என்று ஒதுக்கப்படும் பணத்தில் பெரும்பகுதி அவசரத்துக்கு உதவக்கூடிய இடத்திலும் இல்லை, அவசரத்தின் அளவை வைத்துக் கணக்கிடப்பட்டதும் இல்லை. ஆசைப்பட்ட ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்குக் கைக்கு எட்டும் காரணமாகத்தான் அந்தச் சொல் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அவருடைய பயத்துக்கு ஆண்டும் மாதமும் உண்டு. அவர் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். 1994-இல் அந்த ஆலையில் ஏழு மாதம் கதவடைப்பு. கோவையைச் சுற்றி ஆலைகள் ஒவ்வொன்றாக நொடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஐந்தாவது மாதத்தில் அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் கிடக்க அவர் தண்ணீர்க் குழாயடிக்குப் போய்வந்ததைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதர், அதற்குப் பிறகு ஒரு ரூபாயைக்கூடத் தளர்வாகப் பிடிக்கவில்லை. அவர் சேர்த்த பணம்தான் என்னைப் படிக்க வைத்தது, அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்தது. ஆனால் அந்தப் பயத்துக்குப் 'போதும்' என்று சொல்லும் ஓர் எல்லைக்கோடு இல்லாமல் போனதுதான் சிக்கல். ஒரு லட்சம் சேர்ந்தபோது இரண்டு லட்சம் இருந்தால் நிம்மதி என்று தோன்றியது. இரண்டு சேர்ந்ததும் நான்கு வேண்டியிருந்தது.

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் பத்துக் கிலோமீட்டர்தான். அங்கிருந்து நாள்தோறும் காலை 7.10-க்கு உதகைக்கு மலை ரயில் புறப்படுகிறது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து ஏறுகிறார்கள். என் சிறுவயது முழுவதும் 'அடுத்த வருசம் போலாம் கண்ணு' என்பதுதான் அந்த ரயிலைப் பற்றி எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே வாக்கியம். 2017-க்குப் பிறகு அப்பாவால் அந்தப் பெட்டியின் உயரமான படியில் ஏறவும் முடியாது, ஒடுக்கமான இருக்கையில் ஐந்து மணி நேரம் உட்காரவும் முடியாது என்று ஆகிவிட்டது. பணத்தைத் தள்ளிப்போட்டால் வட்டி சேரும் என்பது உண்மைதான். அந்த வட்டி முழங்காலுக்கும் இடுப்புக்கும் சேர்வதில்லை.

இந்த இடத்தில் அம்மாவின் சிறுவாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று தொலைக்காட்சியில் அறிவித்ததும், அம்மா எழுந்து சமையலறைக்குப் போய், துவரம்பருப்பு டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்து அப்பாவின் முன்னால் வைத்தார். பருப்புத் தூசி ஒட்டிய ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் முப்பத்தைந்து; 17,500 ரூபாய். தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் அந்த வாரம் இப்படிச் சிறுவாடு வெளிச்சத்துக்கு வந்தது. அதை வைத்துக் கேலித் துணுக்குகளும் ஏராளமாகச் சுற்றின. அப்பாவும் சிரித்தார். எனக்கு இப்போது யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் உருப்படியான அவசர நிதி என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்தப் பருப்பு டப்பாதான். எட்டிய கைக்குக் கிடைத்தது, விடுமுறை நாள் அதற்குக் கிடையாது, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அக்காவின் முதல் பிரசவத்தில் நள்ளிரவு டாக்சிக்குப் பணம் கொடுத்தது அது. மாசி மாதம் அரங்கநாதர் கோயில் தேருக்குப் போகும்போது எங்களுக்குப் பொரியும் பலூனும் வாங்கித் தந்து, தனக்கும் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டதும் அதே பணத்தில்தான். ஆபத்துக்கும் ஆசைக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக்கொடுக்க அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த 17,500-ஐ வங்கியில் கட்டிய பிறகு அவர் மறுபடி சிறுவாடு சேர்க்கவில்லை. வளையல் வாங்கக்கூட என்னிடம் கேட்க வேண்டியதாயிற்று. எட்டு மாதம் கழித்து, அந்த ஜூலை இரவில், டப்பா காலியாக இருந்தது.

ஆகவே முதலில் அவசரத்துக்கு ஓர் எண்ணைக் கொடுங்கள் என்பேன். சம்பளம் எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, ஒரு மாதம் வருமானமே இல்லாவிட்டாலும் நின்றுபோகக் கூடாத செலவு எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அது இப்போது மளிகை, பால், மின்கட்டணம், மருந்து, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், வீட்டுக்கடன் தவணை எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 2,04,000. இதுதான் எங்கள் அவசரத்தின் அளவு; பெரிய மருத்துவச் செலவுக்குத் தனியாக மருத்துவக் காப்பீடு இருக்கிறது, அதையும் இந்தத் தொகையையும் நான் குழப்பிக்கொள்வதில்லை. அரசு வேலையில் இருப்பவருக்கு மூன்று மாதம்கூடப் போதுமாக இருக்கலாம். விசைத்தறி ஓட்டுபவருக்கும் கால் டாக்சி ஓட்டுபவருக்கும் ஒரு வருடத்துக்கே வேண்டும், ஆனால் அவர்களுக்குத்தான் மிச்சம் பிடிக்க எதுவும் இருக்காது. மாதச் சம்பளக்காரனான நான் அவர்களுக்குச் சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்தத் தகுதியற்றவன். இந்தப் பதிவு என்னைப் போன்றவர்களுக்கு மட்டுமே.

அடுத்தது, அந்தப் பணம் இருக்கும் இடம். கால்பங்கு சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கிறது. வட்டி சொற்பம்தான், கிடக்கட்டும். மீதியை ஒரே வைப்புநிதியாகப் போடாமல் 25,000, 25,000 ஆகப் பிரித்துப் போட்டிருக்கிறேன், ஒன்றை உடைத்தால் மற்றவை கலையாமல் இருக்கும். முன்கூட்டியே முடித்தால் வட்டியில் ஒரு சதவீதம் வரை பிடிப்பார்கள் என்று பயந்து பலரும் ஐந்தாண்டுப் பூட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் பணத்தை எடுக்க முடிவதற்கு நாம் கொடுக்கும் கூலி அந்த ஒரு சதவீதம். வங்கிக் கணக்கு என் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாக, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடும் உண்டு என்பதால், இந்த அளவுத் தொகையைப் பற்றித் தூக்கம் கெட வேண்டியதில்லை. தங்கம் நல்ல சேமிப்புதான், அடகு வைத்தால் ஒரு மணி நேரத்தில் பணம் கிடைக்கும்தான். ஆனால் லாக்கருக்குள் இருக்கும் தங்கம் லாக்கர் திறக்கும் நேரத்தில் மட்டுமே தங்கம். ஏலச்சீட்டை நம்புகிறவர்கள், அவசரத்தில் சீட்டு எடுக்கும்போது எவ்வளவு தள்ளிக் கேட்க வேண்டியிருந்தது என்பதைத் தாங்களே அறிவார்கள்.

இந்த 2,04,000 நிறைந்த மாதத்தில் என் மனைவி கேட்டார்: 'ஏனுங்க, நெறஞ்சிருச்சு, இனி இதுல போடறதில்லதானுங்க?' எனக்கு உடனே பதில் வரவில்லை. இன்னும் ஐம்பதாயிரம் இருந்தால் நல்லதுதானே என்று உள்ளுக்குள் அப்பாவின் குரல் கேட்டது. அந்தக் குரலுக்கு நான் இணங்கவில்லை. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்குச் சேர்ப்பதற்கும் ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பதற்கும் தனித்தனிப் பெயர்களும் தனித்தனிக் கணக்குகளும் உண்டு. அவற்றையெல்லாம் 'அவசரம்' என்ற ஒரே மூட்டைக்குள் கட்டினால் அந்த மூட்டை எந்தக் காலத்திலும் நிறையாது. இப்போது மாதம் 3,000 ரூபாய் வேறொரு கணக்குக்குப் போகிறது. அதை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆண்டு முடிவதற்குள் செலவாகிவிட வேண்டும்: ஊர்சுற்ற, நல்ல ஓட்டலில் சாப்பிட, பையனுக்குக் கிரிக்கெட் மட்டை வாங்க, மனைவி ஆசைப்பட்ட தையல் வகுப்பில் சேர. முதல் ஆண்டில் எங்களுக்குச் செலவு செய்யத் தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மார்ச் மாதம் 19,000 மிச்சம் இருந்தது, எதற்கென்று புரியாமல் ஒரு மிக்ஸி வாங்கினோம். மிக்ஸி மகிழ்ச்சிக் கணக்கில் வராது என்று மனைவி இன்றுவரை வாதிடுகிறார், அவர் சொல்வது சரி.

எங்கள் அலுவலகத்தில் இருபத்தாறு வயதுத் தம்பி ஒருவர் இதற்கு நேர்எதிர். தவணையில் பைக், தவணையில் போன், கிரெடிட் கார்டில் கோவா. 2020-இல் ஊரடங்கு வந்து இரண்டு மாதம் பாதிச் சம்பளம் என்றானபோது, ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணை ஒத்திவைப்பை அவர் ஆகஸ்ட் வரை எடுத்துக்கொண்டார். அந்த மாதங்களின் வட்டி அசலோடு ஏறி நின்றது வேறு விஷயம். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி என்றால் ஆண்டுக்கு நாற்பதைத் தாண்டும் என்பதை நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் முகம் மாறியது. ஆனாலும் எனக்கு அவர்மேல் இளக்காரம் இல்லை. இருபத்தாறு வயதில் கடலைப் பார்க்கப் போக வேண்டும் என்று தோன்றுவதில் என்ன தவறு? அந்தப் பயணத்தை அடுத்த வருடச் சம்பளத்தில் போனதுதான் தவறு. அவரும் என் அப்பாவும் ஒரே பிழையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்: இருவருக்குமே தொகை தெரியாது, ஒருவர் பயத்தை வைத்து அளந்தார், மற்றவர் ஆசையை வைத்து அளந்தார்.

போகிற போக்கில் ஒன்று. சேமித்த பணத்தை மகிழ்ச்சிக்குச் செலவிடத் தயங்கும் இதே நாம், கல்யாண மண்டபத்துக்கும் இலைக்கு இருபத்தேழு வகைப் பதார்த்தத்துக்கும் இரண்டே நாளில் பத்து லட்சத்தைக் கரைத்துவிடுகிறோம். அது அவசரமும் இல்லை, அதில் மகிழ்ந்தவர்களையும் நான் அதிகம் பார்த்ததில்லை. பெண்ணின் தகப்பனார் எப்போதும் சமையல்கட்டு வாசலில்தான் நிற்கிறார்.

சென்ற மே மாதம் அந்த 3,000 ரூபாய்க் கணக்கிலிருந்து மலை ரயிலுக்கு முன்பதிவு செய்தோம். அம்மா, மனைவி, பையன், நான். அப்பா ஊன்றுகோலோடு மேட்டுப்பாளையம் நிலையம் வரை வந்து, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து, எஞ்சின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுவதை ஒரு ஃபிட்டரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா வீட்டுக்காரர் அவரைக் காரில் வீட்டுக்கு அழைத்துப் போனார். மறுநாள் மாலை நாங்கள் திரும்பியதும் அம்மா நிறுத்தாமல் பேசினார். பதினாறு குகைகளையும் விரல்விட்டு எண்ணியதையும், குன்னூரில் டீ ஆறிப்போய் இருந்ததையும், ஒவ்வொரு குகைக்குள்ளும் பையன்கள் போட்ட கூச்சலில் காது அடைத்ததையும் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, டிக்கெட் எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அண்ணாச்சி கடையில் எங்களுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் மளிகைப் பணம்கூட இல்லை அது. சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

'ஏன் அத்தன கம்மியா வெச்சிருக்காங்க?' என்றார்.