“நீங்க குப்பை அள்ளுற வேலையைப் பாருங்க”

அந்த வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் திருகோணமலையில் இருக்க மாட்டீர்கள், அதனால் முழுக் கதையையும் திரும்ப எழுதவில்லை. மாரிமழைக்கு முன்னாயத்தக் கூட்டம். வாய்க்காலைப் பற்றிப் பிரதேச சபைத் தவிசாளர், அதாவது சபையின் தலைவர், ஒரு கேள்வி கேட்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஃபைலில் இருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்கிறார்: “சபைக்கு இதில என்ன அலுவல்? நீங்க குப்பை அள்ளுற வேலையைப் பாருங்க.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அந்த வசனத்தைக்கூட விடுங்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு நாலு நாளாக நித்திரையைக் கெடுக்கிறது.

சரி, குப்பை அள்ளுற சபைதான். வெள்ளம் வடிந்த மறுநாள் உங்கள் வாசலுக்கு யார் வருவது? நனைந்த மெத்தையை, அழுகிய அரிசி மூட்டையை, மிதந்து வந்து வேலியில் சிக்கிய மாட்டை யார் தூக்குவது? மலக்குழி பொங்கினால் கலி பவுசர் யாருடையது? முகாமாக்கிய பள்ளிக்கூடத்துக்குத் தண்ணி பவுசர் அனுப்பு என்று யாருக்கு கோல் போகிறது? ஒழுங்கைக்குள் விழுந்த மரத்தை வெட்ட யாருடைய ஆட்கள் வருகிறார்கள்? எல்லாம் குப்பை அள்ளுறவர்கள்தான். வேலைக்கு ஆள் வேண்டும், திட்டம் போடுற மேசையில் மட்டும் அந்த ஆளுக்குக் கதிரை இல்லை. நான் சொல்வது இவ்வளவுதான். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுத்தால் ஸ்க்ரோல் பண்ணிப் போங்கள்.

“சட்டம் தெரியாமல் கதைக்காதீங்க” என்று ஒருவர் இன்பொக்ஸில் வந்தார். படித்துவிட்டுத்தான் அண்ணே கதைக்கிறேன். சுனாமி அடித்து ஐந்து மாதத்துக்குள் வந்தது 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம். அதன்படி அமைந்த தேசியப் பேரவையில் ஜனாதிபதி இருக்கிறார், பிரதமர் இருக்கிறார், எதிர்க்கட்சித் தலைவர், அமைச்சர்கள், மாகாண முதலமைச்சர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். உள்ளூராட்சி சபைக்கு அதில் இடம் கிடையாது. முதலமைச்சருக்காவது இடம் இருக்கே என்கிறீர்களா? கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. அந்தக் கதிரையில் தூசி இருக்கிறது.

இன்னொரு பக்கம் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். பொதுச் சுகாதாரம், பொது வசதிச் சேவைகள், பொது வீதிகள், சனங்களின் நலன் எல்லாம் சபையின் பொறுப்பாம். வெள்ளம் வந்தால் இதில் எது மிச்சம்? பொறுப்பு ஒரு சட்டத்தில், அதிகாரம் இன்னொரு சட்டத்தில். நடுவில் முழங்கால் அளவு தண்ணியில் நாங்கள்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற வாய்க்காலையே எடுங்கள். ஒழுங்கைக்குள் இருக்கும்வரை அது சபையினுடையது. கொஞ்சம் தள்ளி மாகாண வீதிக்குப் பக்கத்தில் வேறு திணைக்களம். பிரதான வீதி மதகுக்குக் கீழே போனதும் இன்னொரு அதிகார சபை. கடலில் விழுகிற இடத்தில் மண்மேட்டை வெட்டுவதென்றால் அதற்கு வேறு அனுமதி. தண்ணிக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது, அது நேராக எங்கள் குசினிக்குள் வந்துவிடும்.

அப்பாவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். எழுதாமல் முடியவில்லை.

அப்பா ஒரு சபையில் டிரக்டர் சாரதி. குப்பை டிரக்டர். 2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா, லீவு நாள். கடல் வந்துவிட்டது என்று சனம் ஓட, அப்பா மற்றப் பக்கமாக ஓடி, காவலாளியிடம் திறப்பை வாங்கி டிரக்டரை எடுத்துக்கொண்டு போனார். யாரும் போகச் சொல்லவில்லை. முதல் ரெண்டு தரம் உயிரோடு இருந்தவர்களை ஏற்றினார். அதற்குப் பிறகு ஏற்றியது சடலங்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் ஒரு மணித்தியாலம் நின்று தண்ணி வார்த்தார், அம்மா வாளியைப் பறிக்கும்வரை. பிறகு கனகாலம் வீட்டில் மீன் சமைக்கவில்லை.

அந்த மூன்று நாளுக்கும் ஓவர்டைம் படிவம் நிரப்பிக் கொடுத்தார். திரும்பி வந்தது. விடுமுறை நாளில் வேலை செய்ய எழுத்து மூலமான உத்தரவு இணைக்கப்படவில்லையாம். கடல் கடிதம் போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் போல.

இப்போது வரிசையாக வருவீர்கள், தெரியும். “சபைக்கு அதிகாரமும் காசும் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்.” தின்னுகிறவன் இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. மற்ற இடங்களில் எல்லாரும் ஏகாதசி விரதமா? “மெம்பர்மார் தங்கட ஆட்களுக்குத்தான் நிவாரணம் கொடுப்பாங்க.” சரி, பட்டியலை ஜீ.எஸ். (கிராம சேவகர்) எழுதட்டும். நான் கேட்பது பட்டியலை இல்லை, திட்டத்தை. “வயலை நிரப்பி வீடு கட்ட அனுமதி கொடுத்ததே சபைதானே?” இது உண்மை. இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்தது, “படிக்காத மெம்பர்களுக்குத் திட்டமிடல் தெரியுமா?” என்ன தெரிய வேண்டும்? எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு ஆச்சி இருக்கிறா, எந்த ஒழுங்கைக்குள் மண் வெட்டுற பெக்கோ போகாது, எந்தக் கிணறு முதலில் உப்பாகும், இதற்கு எந்தக் கம்பஸில் பட்டம் தருகிறார்கள்?

டித்வா புயல் நேரம் மாவிலாறு அணைக்கட்டு உடைந்ததே, அந்த இரவு மூதூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சின்னம்மா முதலில் கோல் எடுத்தது வட்டார மெம்பருக்குத்தான். வாக்குக் கேட்டு வந்தபோது அவர் கொடுத்த நம்பர். அவர் தோணியோடு வந்தார். வேறு கட்சிக்காரர், சின்னம்மா அவருக்கு வாக்குப் போடவே இல்லை.

அதிகாரம் இல்லை என்று சொல்கிறார்களே, பழி வரும்போது மட்டும் அது எங்கிருந்து வருகிறது? 2021 நவம்பர் 23, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் தண்ணியைக் கடக்க ஆட்களை ஏற்றுகிற மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்களே, அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று தேடி கிண்ணியா நகரசபைத் தலைவரைக் கைது செய்தார்கள். அது பிழை என்று சொல்ல வரவில்லை, விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்றைக்கு ஒருவரும் “சபைக்கு இதில என்ன அலுவல்” என்று கேட்கவில்லை பாருங்கள்.

2023 மார்ச்சில் சபைகள் கலைந்து, காசில்லை காசில்லை என்று தேர்தலைத் தள்ளித் தள்ளி, 2025 மே 6இல்தான் வாக்குப் போட்டோம். ரெண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்மார்தான் நடத்தினார்கள். வெயிலில் வரிசையில் நின்று மையைப் பூசிக்கொண்டு வந்தது இந்தச் சிரிப்பைக் கேட்கவா? அந்தச் சிரிப்பு தவிசாளரைப் பார்த்து மட்டும் இல்லை. அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, அவருடைய கட்சியும் எனக்குப் பிடிக்காது. அது எங்களைப் பார்த்துச் சிரித்தது.

“அக்கா அடுத்த முறை எலக்‌ஷன் கேட்கப் போறீங்களோ” என்று கொமண்ட் போடத் துடிக்கிறவர்களுக்கு: இல்லை தம்பி, எனக்கு ஒன்பதாம் வகுப்புக் கணித விடைத்தாள் நாற்பது கிடக்கிறது.

நேற்று இரவு அப்பாவுக்கு வீடியோவைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாதோ தெரியாது. கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் பார்த்தார். அந்த வசனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “மழை தொடங்கப் போகுது, சபைப் பெக்கோவுக்குப் பற்றரி மாத்திட்டாங்களாமோ?” என்று மட்டும் கேட்டார். விசாரித்தேன். மாற்றவில்லை. ஃபைல் ஒப்புதலுக்குப் போயிருக்கிறதாம்.